மடித்து வைத்த தூரம்: தாமதத்தைச் செயற்கையாய்ப் படைத்த சோதனைக்கூடங்களின் வரலாறு

நெய்யாற்றங்கரை வட்டத்தைச் சேர்ந்த எல்லையோர ஊர்களில் ஆரியங்கோடும் ஒன்று. ரப்பர்த் தோட்டங்களும் மேடுபள்ளங்களும் நிறைந்த அவ்வூரிலிருந்து தலைநகரான திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அக்கணக்கின்படி, ஆரியங்கோட்டில் புறப்படும் ஒரு செய்தி தலைநகரைத் தொட ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு போதும். ஆனால் எல்லையோர ஊர்களில் மழைநாளின் மாலைப்பொழுதில் கைப்பேசியைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவரும் இக்கணக்கை நம்பமாட்டார்.

கணக்கு பிழையன்று. தூரம் என்பது தாமதத்தின் ஒரு கூறு மட்டுமே. செய்தி வழியில் பயணம் செய்யும் நேரம் ஒன்று. அதனைக் கம்பியிலோ காற்றலையிலோ ஏற்றிவிடப் பிடிக்கும் நேரம் இரண்டாவது. ஒவ்வொரு சந்தியிலும் முன்னால் நிற்பவற்றுக்குப் பின்னால் காத்திருக்கும் நேரம் மூன்றாவது. இடையிலுள்ள கருவிகள் முகவரியைப் படித்து வழி தீர்மானிக்கும் நேரம் நான்காவது. ஊர்ப்புறத்தில் பெருமளவு நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் மூன்றாவதான காத்திருப்பே. மென்பொருள் உருவாகும் அறையிலோ, சர்வர் அடுத்த சுவருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே நான்கு கூறுகளும் ஏறத்தாழ இல்லை. ஆகவே அங்கே குறையின்றி ஓடும் மென்பொருள் ஆரியங்கோட்டில் தடுமாறுவது வியப்புக்குரியதன்று.

இவ்விடைவெளியை நிரப்பப் பொறியாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. தாமதத்தை ஒழிக்கவே வாழ்நாளைச் செலவிடும் அவர்கள், சோதனைக்கூடத்துக்குள் அதே தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். இவ்வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. அதன் வேர் தந்திக் காலத்தில் இருக்கிறது. அதன் முதல் அத்தியாயங்களுள் ஒன்று இந்தியாவிலேயே எழுதப்பட்டது.

1. தாவரவியல் தோட்டத்தில் 21 மைல்

1839ஆம் ஆண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் வேதியியல் பேராசிரியருமான வில்லியம் புரூக் ஓ'ஷாஃநெசி, மின்சாரத்தால் நெடுந்தூரம் செய்தி அனுப்ப இயலுமா என்று சோதிக்க விரும்பினார். நெடுந்தூரக் கம்பி நாட்ட அவரிடம் நாட்டின் குறுக்கே நிலமும் இல்லை, அரசாணையும் இல்லை. அவர் கம்பியை மடித்தார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தை ஒட்டி மூங்கில் கம்பங்கள் நட்டு, இரும்புக் கம்பியை முன்னும் பின்னுமாக வரிவரியாக ஓடவிட்டு, ஏறத்தாழ 21 மைல் நீளத்தை ஒரே இடத்தில் அடக்கினார். ஹூக்ளி ஆற்றையும் அச்சுற்றில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

அனுப்புபவரும் பெறுபவரும் அருகருகே நிற்கலாம். ஆனால் மின்னோட்டத்துக்கு அவ்விருவருக்கும் இடையே 21 மைல். தூரத்தைத் தேடிப் போகாமல் தூரத்தை மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் இம்முறையே, பின்னாளைய சோதனைக்கூடங்கள் அனைத்துக்கும் அடிப்படை. இச்சோதனைக்குப் பின் கம்பெனி பத்தாண்டுகளுக்கு மேல் அசையவில்லை. கல்கத்தா - டயமண்ட் ஹார்பர் தந்தித் தடம் 1850-51இல்தான் எழுந்தது. 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

2. கடலடியில் கண்ட புதிர்

நிலத்துக் கம்பியில் பெரிதாகத் தோன்றாத தாமதம், கடலடிக் கம்பியில் பூதமாய் எழுந்தது. மலாயாக் காடுகளின் கட்டாபெர்ச்சாப் பிசினால் உறையிட்ட கம்பியை நீரில் இட்டபோது, சட்டென்று தட்டிய குறி மறுமுனையில் இழுபட்டு, மங்கி, அடுத்த குறியோடு கலந்து வந்தது. 1850களின் தொடக்கத்தில் இலண்டனில் இலாட்டிமர் கிளார்க் கண்ட இவ்விளைவை, சுருள்சுருளாய் நீரில் அமிழ்த்திய உறையிட்ட கம்பிகளைக் கொண்டு மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். உள்ளே செம்பு, நடுவே பிசின் உறை, வெளியே நீர்: இம்மூன்றும் சேர்ந்து ஒரு மாபெரும் மின்தேக்கியாகிவிடுகின்றன என்பது 1854இல் அவர் தந்த விளக்கம். மின்னோட்டம் முதலில் அத்தொட்டியை நிரப்பவேண்டும்; பிறகே மறுமுனைக்குச் செல்லும்.

அதற்குக் கணித வடிவம் தந்தவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர். கம்பியின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்றார். அட்லாண்டிக் கம்பிக் கம்பெனியின் மின்னியலாளர் வைல்டுமன் வைட்ஹவுஸ் இதனை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்டில் கம்பி இணைந்தது. விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் எடுத்தது. வைட்ஹவுஸ் செலுத்திய உயர் மின்னழுத்தத்தால் நலிந்த கம்பி, சில வாரங்களில் ஊமையானது. அந்தச் சில வாரங்களுக்குள் அது செய்த குறிப்பிடத்தக்க பணி ஒன்று இந்தியாவைச் சார்ந்தது: இங்கே கிளர்ச்சி அடங்கிவிட்டதால், கனடாவிலிருந்து புறப்படவிருந்த இரு படைப்பிரிவுகள் வரவேண்டியதில்லை என்ற ஆணை அக்கம்பி வழியே சென்றது.

ஒரு பெருங்கம்பி பாழானதிலிருந்து பொறியாளர்கள் ஒரு பாடம் கற்றனர்: கடலில் இடுவதற்கு முன் கரையிலேயே கடலைச் சோதிக்கவேண்டும். 1860களில் குரோம்வெல் வார்லி மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் தொடராக அடுக்கி, நீண்ட கடற்கம்பியைப் போலவே நடந்துகொள்ளும் 'செயற்கைக் கம்பி' ஒன்றை உருவாக்கினார். 1875இல் அலெக்சாண்டர் மியூர்ஹெட், மெழுகுத்தாளின் ஒருபுறம் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளீயத் தகட்டுப் பட்டையையும் மறுபுறம் முழுத் தகட்டையும் ஒட்டி, அதனை மேலும் செம்மையாக்கினார். ஓ'ஷாஃநெசி தூரத்தையே மடித்தார்; இவர்களோ தூரத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, தூரத்தின் விளைவை மட்டும் பெட்டிக்குள் அடைத்தார்கள். பல நூறு மைல் கடல், மேசைமேல் ஒரு மரப்பெட்டி ஆயிற்று.

இப்பெட்டி சோதனைக்கு மட்டும் பயன்படவில்லை. ஒரே கம்பியில் இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பவேண்டுமானால், தான் அனுப்பும் குறி தன் கருவியையே அசைக்காதபடி சமன்செய்யவேண்டும். அதற்கு, உண்மைக் கம்பிக்கு நிகரான செயற்கைக் கம்பி ஒன்று நிலையத்திலேயே இருக்கவேண்டும். போலி எவ்வளவு துல்லியமாக உண்மையை ஒத்திருந்ததோ, அவ்வளவு தெளிவாகச் செய்தி படிந்தது. போலி தவறினால் உண்மையும் கெட்டது. நீண்ட கடற்கம்பிகளின் திறனை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது இம்முறையே.

3. சென்னையின் கடிகாரமும் தாமதத்தின் அளவையும்

தாமதத்தைப் போலச்செய்யவேண்டுமானால் முதலில் அதனை அளக்கவேண்டும். இவ்வளவையை நுணுக்கமாகச் செய்தவர்கள் தந்திப் பணியாளர்களைக் காட்டிலும் நில அளவையாளர்களும் வானியலாளர்களுமே. சென்னை வானாய்வகத்தின் நேரமே 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் தந்திக்கும் இரயில்வேக்கும் அளவுகோலாய் இருந்தது. 1906இல்தான் இன்றைய இந்தியத் திட்ட நேரம் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் காண, ஓரூரின் கடிகாரத் துடிப்பைத் தந்தி வழியே மற்றோரூருக்கு அனுப்பி ஒப்பிடுவார்கள். ஆனால் துடிப்பு வழியில் செலவிடும் நேரம் கணக்கைக் கெடுக்கும்.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. கிழக்கிலிருந்து மேற்குக்கு அனுப்பும்போது தாமதம் வேறுபாட்டைக் குறைத்துக் காட்டும். மேற்கிலிருந்து கிழக்குக்கு அனுப்பும்போது கூட்டிக் காட்டும். இரண்டின் சராசரியில் தாமதம் மறைந்து உண்மையான நேர வேறுபாடு எஞ்சும். இரண்டின் கழித்தலில் பாதி, தாமதத்தின் அளவாகும். 1985இல் டேவிட் மில்ஸ் வகுத்த கணினி நேர ஒத்திசைவு நெறிமுறை இன்றும் உலகக் கணினிகளின் கடிகாரங்களைத் திருத்துவது இதே அடிப்படையில்தான். இரண்டிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு தாமதமுடையவை என்பது. கைப்பேசி வலையமைப்பில் அவ்வூகம் அடிக்கடி பொய்க்கிறது. இறங்குவழி அகலமாகவும் ஏறுவழி குறுகலாகவும் இருக்கும் இடத்தில், இருவழித் தாமதத்தை இரண்டால் வகுப்பவர் உண்மையை அறியார்.

4. கேட்கும் செவியும் சோதனைக்குள் வந்தது

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பூமியிலிருந்து அங்கே சென்று மீண்டும் பூமிக்கு வர, வானொலி அலைக்குக் கால் நொடி வேண்டும். ஒருவர் கேட்டு மற்றவர் விடை சொல்லி அது திரும்பி வர அரை நொடிக்கு மேல். மனிதர்கள் இதைப் பொறுப்பார்களா?

வணிகச் செயற்கைக்கோள் 'ஏர்லி பேர்ட்' 1965இல் ஏறுமுன்பே, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் இக்கேள்வியைப் பூமியிலேயே எழுப்பினர். ரீஸ், கிளெம்மர் ஆகிய இருவர் 1963இல் வெளியிட்ட ஆய்வுக்காக, தொலைபேசி இணைப்புகளில் செயற்கையாகத் தாமதத்தைச் செருகி, பேசுவோரின் மனநிறைவை அளந்தனர். அத்தகைய ஆய்வுகள் இரண்டு உண்மைகளை நிலைநாட்டின. தாமதத்தைவிட, தாமதத்தோடு திரும்பிவரும் எதிரொலியே பேச்சை அதிகம் குலைக்கிறது. மேலும், தாமதம் இன்னதென்று ஒருமுறை உணர்ந்துகொண்ட செவி, முன்பு கவனிக்காமல் விட்ட சிறு தாமதத்தையும் பிறகு பொறுப்பதில்லை. தாமதம் என்பது கடிகாரத்தில் மட்டும் இல்லை, காத்திருப்பவரின் அனுபவத்திலும் இருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நலம், 400 மில்லி நொடியைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பிற்காலத்தில் வகுத்த எல்லைகள் இம்மரபில் விளைந்தவை.

இந்தியாவில் 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, 'சைட்' என்ற திட்டத்தின்கீழ் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்கள் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பைக் கண்டன. 1977 முதல் 1979 வரை, பிரான்சு - செருமனி நாடுகளின் 'சிம்ஃபனி' செயற்கைக்கோளைக் கொண்டு நடந்த 'ஸ்டெப்' சோதனையில் அகமதாபாத், தில்லி, சென்னை ஆகிய இடங்களின் தரைநிலையங்கள் பங்கேற்றன. முன்னது ஒருவழி ஒளிபரப்பு. பின்னது தொலைபேசி உரையாடலையும் உள்ளடக்கியது. ஒருவழி ஊடகத்தில் கால் நொடி பிந்தி வந்தாலும் பார்ப்பவர் அறியமாட்டார். உரையாடலில் அதே கால் நொடி, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் தடுமாற்றமாகிறது.

இவ்வேறுபாடு திருவனந்தபுரத்துக்கு நெருங்கி வந்தது 2005இல். முந்தைய ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட கல்விச் செயற்கைக்கோள் 'எடுசாட்' வழியே, கேரளப் பள்ளிகளுக்கான 'விக்டர்ஸ்' திட்டத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். அதன் அன்றைய முழுப்பெயரிலேயே ஊர்ப்புறப் பள்ளிகளுக்கான மெய்நிகர் வகுப்பறை என்ற பொருள் இருந்தது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது, அதே விக்டர்ஸ் வழியே வகுப்புகள் ஒளிபரப்பாயின. ஒளிபரப்பாக இருந்தவரை தாமதம் ஒரு பொருட்டாக இல்லை. மாணவர் கேள்வி கேட்க வேண்டிய இணைய வகுப்புக்கு மாறும்போதுதான், எந்த ஊரில் எவ்வளவு தாமதம் என்பது கல்வியின் கேள்வியாயிற்று.

5. பெட்டி மென்பொருளானது

கணினி வலையமைப்பில் தாமதம் வேகத்தையும் தின்றுவிடும். டிசிபி நெறிமுறையில் அனுப்புநர் ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வரும்வரை நிற்கவேண்டும். ஆதியில் அவ்வளவின் உச்சம் 65,535 பைட். செயற்கைக்கோள் வழியில் ஒப்புகை வர 0.55 நொடி ஆகுமென்றால், வழி எவ்வளவு அகலமானாலும் ஒரு நொடிக்குச் செல்வது ஏறத்தாழ 1,19,000 பைட் மட்டுமே. 1992இல் வகுத்த விரிவாக்கமே இத்தளையை நெகிழ்த்தியது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், சில நூறு கெச இடைவெளியில் இருந்த இரு நிறுவனங்களின் இணைப்பு நெரிசலால் 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்ததை வேன் ஜேக்கப்சன் ஆராய்ந்து, 1988இல் தீர்வு கண்டார். அருகில் இருப்பதால் மட்டும் விரைவு வந்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

இத்தகைய நெறிமுறைகளைச் சோதிக்க உண்மையான செயற்கைக்கோளும் உண்மையான நெரிசலும் எப்போதும் கிட்டா. 1997இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ 'டம்மிநெட்' என்ற கருவியை வெளியிட்டார. ஒரே கணினிக்குள், நெறிமுறை அடுக்குகளுக்கு நடுவே கற்பனைக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் அகலம், தாமதம், வரிசையின் நீளம், தொலையும் பொதிகளின் விகிதம் ஆகியவற்றை விரும்பியபடி அமைக்க அது வழிசெய்தது. மேலே ஓடும் மென்பொருள், தான் கடல் கடந்து பேசுவதாகவே நம்பும். 2005இல் ஸ்டீபன் ஹெமிங்கர் விளக்கிய லினக்ஸ் 'நெட்எம்' அதே பணியைப் பரவலாக்கியது. மியூர்ஹெட்டின் மரப்பெட்டி இப்போது ஒரு வரிக் கட்டளை.

ஆனால் பழைய விதி மாறவில்லை. போலி உண்மையை ஒத்திருக்கும் அளவுக்கே சோதனைக்கு மதிப்பு. ஒவ்வொரு பொதிக்கும் '100 மில்லி நொடி' என்று ஒரே எண்ணை அமைப்பவர், எந்த ஊரிலும் இல்லாத ஒரு வலையமைப்பைச் சோதிக்கிறார். தாமதத்தை ஏற்றி இறக்க எண்ணி ஒவ்வொரு பொதிக்கும் தொடர்பற்ற ஓர் எண்ணை வழங்கினால், பின்னே புறப்பட்டது முன்னே வந்து வரிசை குலையும். உண்மையான காத்திருப்பு வரிசையில் அவ்வாறு நிகழ்வது அரிது. புறப்படும் திசையில் மட்டும் தாமதம் சேர்த்துவிட்டு இருதிசையிலும் சேர்த்ததாக எண்ணுவதும் வழக்கமான பிழை. எல்லாவற்றினும் பெரியது சராசரியின் மயக்கம். நூறு முயற்சிகளில் 95 விரைவாக முடிந்து 5 பல நொடிகள் தவித்தால், சராசரி அழகாகவே இருக்கும். தவித்த ஐந்தும் பெரும்பாலும் ஒரே ஊரைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்பதைச் சராசரி சொல்லாது.

6. யாருடைய தூரம்?

2015இல் ஃபேஸ்புக் நிறுவனம், செவ்வாய்க்கிழமைகளில் தன் ஊழியர்கள் விரும்பினால் ஒரு மணி நேரம் இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி வேகத்தில் தங்கள் செயலியைப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தியா போன்ற நாடுகளின் பயனர்கள் காண்பதைத் தலைமையகத்தினரும் காணவேண்டும் என்பதே நோக்கம். நியூயார்க்கின் ஐஇஎக்ஸ் பங்குவணிக நிறுவனமோ, 38 மைல் கண்ணாடி இழையைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒவ்வோர் ஆணையையும் 350 மைக்ரோ நொடி பிந்தச் செய்தது. அருகில் கணினி வைத்திருப்பவர் தொலைவில் இருப்பவரை முந்தி ஆதாயம் அடையக்கூடாது என்பதற்காக. தாவரவியல் தோட்டத்தில் 21 மைல் மடிந்தது தொலைவை வெல்ல. இங்கே 38 மைல் சுருண்டது தொலைவிலிருப்பவருக்கு நியாயம் செய்ய.

நெய்யாற்றங்கரை வட்டத்தின் எல்லையோர ஊர்களுக்கு இவ்வரலாறு வெறும் வேடிக்கைக் கதையன்று. 1956 நவம்பர் 1 அன்று வரைந்த மாநில எல்லை, இப்பகுதியில் தொலைத்தொடர்பு வட்டங்களின் எல்லையும் ஆயிற்று. பாறசாலை கேரள வட்டம். அடுத்திருக்கும் களியக்காவிளை தமிழ்நாட்டு வட்டம். எல்லையின் இருபுறமும் இருக்கும் உறவினர் இருவர் பேசிக்கொள்ளும்போது, செய்தி எந்த நகரத்தைச் சுற்றி வரும் என்பதை நிலப்படம் தீர்மானிப்பதில்லை. இரு நிறுவனங்களின் வலையமைப்புகள் கைகோக்கும் இடமே தீர்மானிக்கிறது. 2003இல் தேசிய இணையப் பரிமாற்றகம் அமையுமுன், இந்தியாவுக்குள்ளேயே இரு நிறுவனங்களுக்கு இடையே செல்லவேண்டிய பொதி வெளிநாடு சென்று திரும்பிய நிலையும் இருந்தது.

இன்று ஓய்வூதியமும் சான்றிதழும் தேர்வு விண்ணப்பமும் இணையத் திரையில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு நேர வரம்பு உண்டு. இத்தனை நொடிக்குள் விடை வராவிட்டால் இணைப்பு முறியும். இத்தனை நிமிடத்துக்குள் கடவெண் வராவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த எண்ணைத் தேர்ந்தவர் தன் அறையின் விரைவைக் கொண்டு தேர்ந்தாரா, ஆரியங்கோட்டின் மாலைநேரத்தைக் கொண்டு தேர்ந்தாரா என்பதே வினா. முன்னதாயின், அந்நேர வரம்பு எவரும் அறியாமல் வரைந்த இன்னொரு எல்லைக்கோடு. அதற்கு வெளியே நிற்பவர் தம் தொலைபேசியையோ தம் விரலையோதான் குறை சொல்லிக்கொள்வார்.

வார்லியும் மியூர்ஹெட்டும் செயற்கைக் கம்பியை அமைக்குமுன், உண்மைக் கம்பியின் மின்தடையும் தேக்கமும் அளந்தறியப்பட்டிருந்தன. தலைநகரின் சோதனைக்கூடங்களுக்கும் அதுவே முதற்பணி. மழைக்காலத்தில், பள்ளி விட்ட பிறகு, ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் நின்று பல நாள்கள் அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தை முழுமையாகப் பதிந்துகொண்டு திரும்பவேண்டும். 30 கிலோமீட்டர் பயணம்தான். அதன்பின் எந்த மென்பொருளையும் வெளியிடுமுன் ஆரியங்கோட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்துச் சோதித்துப் பார்க்க ஒரு வரிக் கட்டளை போதும்.